இந்த மரச்சுத்தியலைச் செய்தவர் யார்?

1.

போன கிழமை என் வீட்டுக் கதவின் கைப்பிடியில் யாரோ ஒரு பிளாஸ்டிக் பையைக் கொழுவிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஒரு மரச்சுத்தியல். கடிதம் இல்லை, பெயர் இல்லை. தலை ஒரு பக்கம் சரிந்து, பிடி தலைக்குள் ஆடிக்கொண்டு, பார்க்கவே பரிதாபமான ஒரு சாமான். இந்தக் கதை அந்தப் பைக்குள் இருந்துதான் வந்தது. ‘நீண்டகாலமாக என் மனதில் கருக்கொண்டிருந்த கதை’ என்று எழுத எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, பை கொழுவியிருந்தது.

கொண்டுவந்து கொழுவியவர் யாரென்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லிக் கொழுவினாரா, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சா என்று கொழுவினாரா என்பதுதான் தெரியவில்லை.

இன்னொன்றையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு அனுமதி இல்லை. நான் ஒஸ்லோவில் ‘தொல்க்’. அதாவது, நோர்வேஜிய மொழி போதாத தமிழருக்கும் தமிழே தெரியாத நோர்வேஜியருக்கும் நடுவில் ஒரு கதிரையில் இருந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்கிற வேலை. அறைக்குள் சொல்லப்படுகிற எல்லாவற்றையும் சொல்லவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதிலும், அந்த ஆளாகவே பேசவேண்டும். அவர் “எனக்குத் தோள் நோகுது” என்றால், “இவருக்குத் தோள் நோகிறதாம்” என்று நான் சொல்லக்கூடாது. “எனக்குத் தோள் நோகிறது” என்றே சொல்லவேண்டும். அறையை விட்டு வெளியே வந்தபின் ஒரு சொல் விடக்கூடாது. எவரிடமும் எந்தப் பரிசும் வாங்கக்கூடாது.

ஆக, இந்தச் சுத்தியல் என் மேசையில் இருப்பது ஒரு விதிமீறல். இந்தக் கதை இரண்டாவது.

(மூன்றாவது ஒன்று உண்டா இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள். அவசரப்படாதீர்கள்.)

2.

யோகராசா அண்ணை எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆசிரியர். அவர்தான் கதை கேட்டார்.

“தங்கச்சி, உழைப்பைப் பற்றி ஒரு கதை தாங்கோ. அரசியல் வேண்டாம். அழுகை வேண்டாம். பனைமரம் அறவே வேண்டாம். போன வருசம் மலரில மட்டும் பதினேழு பனைமரம். நான் எண்ணினனான்.”

அன்றைக்குத்தான் பையும் வந்திருந்தது. மேசையில் சுத்தியலை வைத்துவிட்டுத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்:

பனி பெய்துகொண்டிருந்தது. சபாரத்தினம் யன்னலூடாக வெளியே பார்த்தபடி நின்றார். அவருடைய மனம் பின்னோக்கி

[வெட்டு. இது புரட்டாதியில் நடந்தது, பெய்தது மழை. அத்தோடு, வெளிநாட்டுக் கதைகளில் வருகிற தமிழர்கள் யன்னலைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டார்கள். கண்ணாடி துடைக்கப் போகிறவர்களைத் தவிர வேறு எவரும் அவ்வளவு நேரம் யன்னலைப் பார்த்து நான் கண்டதில்லை.]

இரண்டாம் தொடக்கம்:

மரம் என்பது வெறும் மரமல்ல. அது

[மரம் மரம்தான். வெட்டு.]

மூன்றாம் தொடக்கம்:

ஆண். வயது 58. இருபத்தாறு ஆண்டுகள் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. வலது கை தோளுக்கு மேல் உயராது. மொழிபெயர்ப்பாளர் தேவை.

[இது கோப்புகளின் நடை. எரிச்சலூட்டும் உண்மை என்னவென்றால், மூன்றிலும் இதுதான் நன்றாக இருக்கிறது. இருக்கட்டும்.]

3.

ஆளை மறைக்கவேண்டும். ஒஸ்லோத் தமிழருக்குள் ஒருவரை மறைப்பது கோயில் தேரை வாழையிலையால் மூடுகிற வேலை. சபாரத்தினம் என்று பொய்ப் பெயர் வைத்தேன். மோர்டென்ஸ்ருட்டில் குடியிருத்தினேன். அங்கே உண்மையிலேயே ஒரு சபாரத்தினம் இருக்கிறார், அவருக்கு என் மேல் ஏற்கனவே ஒரு கோபம் இருக்கிறது என்று ஞாபகம் வந்து, எல்லிங்ஸ்ருட்டுக்கு இடம் மாற்றினேன். மீசை வைத்தேன், எடுத்தேன். வெள்ளை டொயோட்டா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதனால் மட்டும் ஆபத்தில்லை, எல்லாரிடமும் அதுதான் இருக்கிறது.

இவ்வளவு செய்து முதல் மூன்று பக்கங்களை யோகராசா அண்ணைக்கு அனுப்பினேன். ஏழாவது நிமிடம் தொலைபேசி அடித்தது.

“தங்கச்சி, இது பூமணியின்ர மனுசனெல்லோ?”

“இல்லை அண்ணை. கற்பனை.”

“ஓமோம், கற்பனைதான். அந்தக் கற்பனையை நேற்றுக் கோயில்ல கண்டனான். இடக்கையால திருநீறு பூசிக்கொண்டு நிண்டது.”*

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்று சும்மாவா சொன்னார்கள். நான் சட்டப்படி பொத்திக்கொண்டிருக்கிற ஒவ்வொரு இரகசியமும் எனக்கு முன்னமே அன்னதான வரிசையைக் கடந்து போயிருக்கும்.

---
* பூமணி என்பதும் நான் வைத்த பெயர்தான். அண்ணை சொன்னது உண்மைப் பெயர். எனக்கு வியர்த்துவிட்டது.

4.

இனிக் கதை.

சபாரத்தினம் ஊஃபோருக்கு விண்ணப்பித்திருந்தார். வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கிற பணத்துக்கு எங்கள் சனத்தின் வாயில் அதுதான் பெயர். அது கிடைத்தால் அவர் வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஹோட்டலின் நிலக்கீழ் அறைக்குத் திரும்பிப் போய், கோப்பைத் தட்டுகள் அடுக்கிய கூடைகளை இயந்திரத்துக்குள் தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். அந்தக் கூடைகள்தான் அவருடைய தோளைத் தின்றவை.

முதல் சந்திப்பில் நான்தான் தொல்க். அதிகாரியின் பெயர் யூலியா. முப்பது வயதிருக்கும். நல்ல பிள்ளை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, முதல் கேள்வியாக, “இப்போது எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

இருபத்தாறு வருடம் தோளை உடைத்துக்கொண்ட மனிதர், முன்னால் இருக்கிற பெண்பிள்ளைக்கு மனக்கஷ்டம் கொடுக்கக்கூடாதே என்று நிமிர்ந்து இருந்து, சிரித்துக்கொண்டு சொன்னார்:

“பரவாயில்லை.”

நான் என்ன செய்ய? கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. “பரவாயில்லை, நன்றி” என்று நோர்வேஜியத்தில் சொன்னேன். நன்றியைக்கூட அவர் முகத்தில் இருந்துதான் எடுத்தேன். யூலியாவின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. திரையை எட்டிப் பார்க்கக்கூடாது, பார்த்தேன். ‘தற்போதைய நிலை பரவாயில்லை என்று பயனாளரே கூறுகிறார்.’

எங்கள் ஆட்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், செத்தவரைத் தவிர எல்லாரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். அதை நான் சொல்லியிருக்கலாமா? முடியாது. சொல்லியிருக்கவேண்டுமா? அன்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

அந்த ஒரு வரியால் பன்னிரண்டு கிழமை. அவருக்கு எவ்வளவு வேலை இயலும் என்று அளந்து பார்ப்பதற்காக ஒரு தச்சுப் பட்டறைக்கு அனுப்பினார்கள்.

5.

பட்டறையில் ஆசிரியர் லூக்காஸ். தாடி, தோல் ஏப்ரன், கண்களில் எப்போதும் ஒரு நம்பிக்கை. வருகிற எல்லாருக்கும் முதல் வேலை ஒன்றுதான்: தனக்கென்று ஒரு மரச்சுத்தியல் செய்வது.*

பியோர்க் மரம், இங்கே ஒவ்வொரு மாடிவீட்டுக்கும் பின்னால் வெள்ளைத் தோலோடு நிற்குமே, அது. அதில் ஒரு கட்டை, தலைக்கு. தலைக்குள் நீளச் சதுரமாக ஒரு துளை. துளை மேலே அகலம், கீழே ஒடுக்கம். பிடியும் அப்படியே மேலே தடிப்பு, கீழே மெல்லிசு. மேலே இருந்து செருகி விட்டால், வீச வீச இறுகுமே தவிரக் கழன்று பறக்காது. துளையை உளியால் அடித்து எடுக்கவேண்டும். உளியை அடிக்க, சுவரில் தொங்குகிற பழைய சுத்தியல் ஒன்றை லூக்காஸ் கொடுத்தார்.

சபாரத்தினம் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, இது நல்லாத்தானே இருக்கு. சுவரில இன்னும் பத்துத் தொங்குது. பேந்தென்னத்துக்கு இன்னொண்டு?”

சொன்னேன். லூக்காஸ் பூரித்துப்போனார். “அருமையான கேள்வி!” என்று குறிப்பேட்டில் எழுதினார்: ‘பங்கேற்பாளர் ஆழமாகச் சிந்திக்கிறார்.’ பதில் மட்டும் சொல்லவில்லை.

அந்த முதல் நாளோடு நான் வந்துவிட்டேன். பட்டறைக்கு ஒவ்வொரு நாளும் தொல்க் பிடிக்க அவர்களுக்குக் கட்டாது. பிறகு நடந்ததை அவரே சொன்னார், ஒரு சந்திப்புக்கு முன்னால். (சந்திப்புக்கு முன்னால் ஆளோடு தனியாகக் கதைக்கக்கூடாது. ஆனால் ஒரு தமிழர் பக்கத்தில் வந்து இருந்து “சாப்பிட்டாச்சோ தங்கச்சி?” என்று கேட்டால் எழும்பி ஓடவா முடியும்?) வலக்கை ஏலாமல், இடக்கையால் சுத்தியலைப் பிடித்து, வலக்கையை இடுப்போடு ஒட்டவைத்து உளியைப் பிடித்து, ஐந்து கிழமை அடித்திருக்கிறார். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் அடித்தால் மிச்ச நேரமெல்லாம் தோளுக்குச் சுடுதண்ணிப் பை. துளை கோணிவிட்டது. பிடி ஆடியது.

“ஆனா தங்கச்சி,” என்றார், “முழுக்க முழுக்க நான்தான். ஒருத்தரும் கை வைக்கேல்லை.”

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சந்தோசம் இருந்தது. எனக்கும் சந்தோசமாக இருந்தது. அந்தக் கோணல் சுத்தியலைவிட நேர்மையான ஒரு மருத்துவச் சான்றிதழ் கிடையாது. அது ஒன்றே போதும், ஊஃபோர் கிடைத்துவிடும்.

---
* ‘மரச்சுத்தியல்’ என்று எழுதாதே, தச்சர்கள் ‘கொட்டாப்புளி’ என்பார்கள் என்று யோகராசா அண்ணை ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். அண்ணை ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சபாரத்தினம் சுத்தியல் என்றுதான் சொன்னார். நானும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

6.

இலையுதிர்கால விடுமுறைக்குப் பட்டறையை ஒரு கிழமை பூட்டினார்கள். ஆளாளுக்குத் தன் சுத்தியலை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்த்து எண்ணெய் பூசிக்கொண்டு வரும்படி லூக்காஸ் சொன்னார். சபாரத்தினமும் கொண்டுபோனார். அந்தக் கிழமை நவராத்திரி.

இந்த இடத்தில் பூமணி அக்கா வருகிறா. சபாரத்தினத்தின் மனைவி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கல்யாணவீட்டு பிளவுசுகளும் தைத்துக் கொடுப்பா. அவ தைத்த கை அரை அங்குலம் பிழைத்தது என்று இந்த நகரத்தில் எவரும் சொன்னதில்லை.

[அக்காவை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் முழித்தேன். முதல் பிரதியில் கணவனைக் கெடுத்த மனைவியாக வந்தா. கிழித்தேன். இரண்டாம் பிரதியில் தியாகத் திருவுருவமாக வந்தா. அதையும் கிழித்தேன். இப்போது எல்லிங்ஸ்ருட் ரயிலில் எனக்கு எதிரே இருந்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி அவவே சொன்னதை அப்படியே போடுகிறேன். என் வேலையும் அதுதானே.]

“சரஸ்வதி பூசைக்குப் படத்துக்கு முன்னால எல்லாத்தையும் அடுக்கினன். என்ர தையல் மெசின், மகன்ர லாப்டொப், கத்தரிக்கோல். இஞ்சேருங்கோ, உங்கட பட்டறைச் சாமானையும் கொண்டாங்கோ எண்டன். கொண்டந்து வைச்சார் பாருங்கோ தங்கச்சி! ஐயோ, என்ர அம்மாளாச்சி! பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிஞ்சிருக்கு. உந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு என்ர மனுசன் அவங்களுக்கு முன்னால போய் நிக்கிறதோ? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?”

பூமணி அக்காவுக்கு இது புதிதல்ல. மகன் நிருஜன் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் பள்ளிக்கூடத்தில் வைக்கிங் கப்பல் ஒன்று செய்துகொண்டு வரச் சொன்னார்கள். அவன் செய்ததைப் பார்த்துவிட்டு அக்கா அவனைப் படுக்கைக்கு அனுப்பிவிட்டு ஒரு கப்பல் கட்டினா. பாய்மரத்துக்குப் பட்டு பிளவுசுத் துணி. அந்தக் கப்பல் அந்தப் பள்ளிக்கூட நூலகத்தில் இன்றைக்கும் நிருஜனின் பெயரோடு நிற்கிறது. வீட்டுக்கு வருகிற எந்தக் கைவேலையும் அரைகுறையாக வெளியே போகக்கூடாது. நாங்கள் அப்படித்தான். மற்றப் பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் கொண்டுவருவார்கள். எங்கள் பிள்ளைகள் தாய் தகப்பன் செய்ததைக் கொண்டுபோவார்கள். இதைத்தான் நாங்கள் கல்வியில் முன்னேறிய சமூகம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம்.

அவர்களுடைய மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பொழுதுபோக்கு அறை இருக்கிறது. அரம், வாள், பிடிச்சட்டம், தச்சு மேசை எல்லாம் உண்டு. அக்கா அங்கே இறங்கினா. யூடியூப்பில் மூன்று வீடியோ. தையல் நாடாவால் அளவு. நாலு நாளில் ஒரு சுத்தியல். தலை சதுரம் பிசகவில்லை; பிடி துளைக்குள் போய் உட்கார்ந்ததில் ஒரு கடுதாசிகூட நுழையாது. தேங்காய் எண்ணெய் பூசி, சந்தனப் பொட்டு வைத்து, படையலில் இருந்து எடுத்து, திங்கட்கிழமை காலையில் கணவனின் பைக்குள் வைத்துவிட்டா. கோணலை எடுத்து பல்கனிப் பெட்டிக்குள் எறிந்தா. அவருக்குச் சொல்லவில்லை.

“சொன்னால் வேண்டாமெண்டுவார். அவருக்கு ரோசம்.”

பிறகு குரலைத் தாழ்த்தி, கண் கலங்கிக்கொண்டு ஒன்று சொன்னா. “இருபத்தாறு வருசம் அந்தாள் கழுவினதை ஒருத்தரும் நல்லாயிருக்கெண்டு சொன்னதில்லை தங்கச்சி. ஒருக்கால் எண்டாலும் சொல்லட்டுமே.”

ரயில் ஃபுருசெத்தில் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

7.

நான் தலை குனிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை நான் பட்டறையில் நின்றேன். இடைக்கால மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

லூக்காஸ், இன்னும் ஒன்பது பேர், நடுவில் மேசை. ஒவ்வொருவராகத் தங்கள் சுத்தியலை எடுத்து வைத்தார்கள். சபாரத்தினம் பையைத் திறந்தார். கையை விட்டார். கை நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்குள் பாம்பு கிடந்திருந்தாலும் அப்படி மாறியிராது. தேங்காய் எண்ணெய் மணம் எனக்கே வந்தது. மெல்ல வெளியே எடுத்து மேசையில் வைத்தார்.

லூக்காஸ் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஃபந்தாஸ்திஸ்க்!” என்றார் லூக்காஸ். ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

விடுமுறைக்கு முதல் ஒரு கோணல் சுத்தியலைக் கண்ட மனிதருக்கு, இப்போது நேராக ஒன்றைக் கண்டால் சந்தேகம் வராதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், மனதுக்குள். ஆனால் லூக்காஸ் இந்தப் பட்டறையை நம்புகிறவர். பதினொரு வருடமாக இப்படி ஒரு அதிசயத்துக்காகக் காத்திருந்தவர். அங்கேயே எழுதினார், வாசித்தும் காட்டினார், நான் மொழிபெயர்த்தேன்: “பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் துணிச்சல். பாதுகாப்பான வீட்டுச் சூழலில் பங்கேற்பாளரின் ஆற்றல்கள் மலர்ந்துள்ளன. இரு கைகளும் மிக நுணுக்கமாக இயங்குகின்றன.” பொட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

“பூசைக்கு வைச்சது,” என்றார் சபாரத்தினம்.

‘கருவியோடு ஆன்மிக உறவு’ என்று லூக்காஸ் எழுதிக்கொண்டார்.

சபாரத்தினம் அப்போதே சொல்லியிருக்கலாம்: இது நான் செய்ததில்லை, மனிசி செய்தது. பத்துப் பேர் கைதட்டி முடிவதற்குள். ஒரு ஆம்பிளை. தமிழன். மனிசி செய்த சாமானை வைத்துக் கைதட்டு வாங்கியவன். நீங்களென்றால் சொல்லியிருப்பீர்களா? சும்மா சொல்லாதீர்கள்.

இரண்டு நாள் கழித்துத்தான் ரயிலில் பூமணி அக்காவைச் சந்தித்தேன். இறங்கப்போகும்போது அவ கேட்டா:

“நீங்களும் நிண்டனீங்களாமே? அவைக்குப் பிடிச்சதோ? இதால அவருக்கு ஏதும் நன்மை வருமோ?”

அக்காவுக்கு இது இன்னொரு பள்ளிக்கூடச் சோதனை. வடிவாகச் செய்தால் கூடப் புள்ளி, கூடப் புள்ளி எடுத்தால் ஊஃபோர். இங்கே சித்தியடைகிறவனுக்குத்தான் தோல்வி என்பதை அவவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வசனம் போதும்: அக்கா, அந்தக் கோணலைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுங்கோ.

“அக்கா, நான் ஒண்டும் கதைக்கக்கூடாது,” என்றேன்.

நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி இறங்கிப் போனா.

8.

யோகராசா அண்ணை முடிவைக் கேட்டு நெருக்குகிறார். மலர் அச்சுக்குப் போகிறதாம். கைவசம் மூன்று இருக்கின்றன.

முடிவு ஒன்று (அண்ணை விரும்பியது): சபாரத்தினம் உண்மையைச் சொல்கிறார். யூலியா கண்கலங்கி ஊஃபோர் கொடுக்கிறாள். அடுத்த மலரில் அக்காவின் தச்சு வகுப்பு விளம்பரம் முழுப்பக்கத்தில் வருகிறது.

முடிவு இரண்டு (பொன்னாடை கிடைக்கக்கூடியது): “நான்தான் செய்தனான்” என்கிறார். ஊஃபோர் இல்லை. மார்கழி இருட்டில் ஹோட்டலின் நிலக்கீழ்ப் படிகளில் இறங்கும் அவருடைய முதுகு மெல்ல மெல்ல

[போதும். வெட்டு.]

முடிவு மூன்று (எனக்கு மிகவும் பிடித்தது, அதனாலேயே சந்தேகமானது): யூலியா, “ஒருமுறை ஓங்கிக் காட்டுங்கள்” என்கிறாள். தன்மானத்துக்காக அவர் வலக்கையால் தூக்குகிறார். நெஞ்சளவுக்கு வந்ததும் சுத்தியல் கை நழுவி விழுகிறது. ஒருவரும் ஒன்றும் சொல்லவேண்டிய தேவையே இல்லை. எனக்கு அன்றைக்கு வேலை மிச்சம்.

அழகான முடிவு. ஆனால் நடக்கவில்லை. யூலியா அவரைத் தூக்கச் சொல்லவே இல்லை. அவள் கேட்டது வேறு.

9.

கடைசிச் சந்திப்பு. அதே அறை, அதே தண்ணீர்ச் சாடி, மேசையில் கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டி. நடுவில் சுத்தியல். பொட்டு காய்ந்து உதிர்ந்திருந்தது.

யூலியா லூக்காசின் அறிக்கையை வாசித்தாள். நான் சொல்லிக்கொண்டு போனேன். துணிச்சல், நுணுக்கம், இரு கைகள், ஆற்றல்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் சபாரத்தினம் கதிரையில் ஒரு விரல் கீழே இறங்கினார். வாசித்து முடித்துவிட்டு அவள் வைத்தியரின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னேனே, நல்ல பிள்ளை என்று. வேறொருவர் என்றால் அறிக்கையின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்.

“இரண்டு கடிதமும் ஒரே ஆளைப் பற்றியது போலத் தெரியவில்லை,” என்றாள். “அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள். இந்தச் சுத்தியலைச் செய்தவர் யார்?”

மொழிபெயர்த்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சபாரத்தினம் இடக்கையை நீட்டிச் சுத்தியலைத் தொட்டார். பிடியைத் தடவினார், பிடி தலைக்குள் போகிற இடத்தைப் பெருவிரலால் வருடினார். அதில் ஒரு பிழை கிடைக்காதா என்று தேடுவது போலிருந்தது. கிடைக்கவில்லை. பூமணி அக்காவின் வேலையில் எங்கே கிடைக்கும்? அவர் வாய் கொஞ்சம் சிரித்தது; கண் நிறைந்துவிட்டது. பிறகு யூலியாவைப் பார்க்காமல், முறைக்கு மாறாக, நேரே என்னைப் பார்த்தார்.

“அவள் ஆசைப்பட்டுச் செய்தவள் தங்கச்சி. கோப்பில அவளைக் கள்ளி எண்டு எழுதப்படாது. நான் செய்தனான் எண்டால் திரும்பக் கூடை தூக்கவேணும். அது என்னால ஏலாது. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. நீங்கள் கதை எழுதுறனீங்களாமெல்லோ. ஏதும் நல்லதாய்ச் சொல்லுங்கோ.”

அறைக்குள் சொல்லப்படுகிற எல்லாவற்றையும் சொல்லவேண்டும். இதையும்தான். இதை அப்படியே சொன்னால் ஊஃபோர் கிடைக்கலாம். அக்காவின் பெயர் கோப்புக்குள் போகும். அவர் என்னை நம்பிச் சொன்னது அவர் கண்ணெதிரே மேசைக்கு வரும். “நான் செய்தேன்” என்று சொன்னால் அவருடைய மானம் நிற்கும், தோள் போகும். “மனைவி உதவினா” என்று நடுவாலே ஒன்றைக் கட்டிச் சொன்னால் எல்லாரும் பிழைப்பார்கள். ஆனால் அது அவர் சொல்லாதது, சொன்னால் அன்றோடு நான் தொல்க் இல்லை. போன முறை விதிப்படி ஒரு ‘பரவாயில்லை’ சொன்னேன். பன்னிரண்டு கிழமை.

“என்ன சொன்னார்?” என்று யூலியா கேட்டாள். விரல்கள் விசைப்பலகையின் மேல் காத்திருந்தன.

நான் அன்றைக்கு ஒரு பதில் சொன்னேன். அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் என் அனுமதிப் பத்திரம் போகும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் இந்த மேசையில் கோணிக்கொண்டு நிற்கிறது. பல்கனிப் பெட்டிக்குள் இருந்து அதைத் தேடி எடுத்து, ஒரு வார்த்தை எழுதாமல், எல்லிங்ஸ்ருட்டில் இருந்து என் கதவுவரை கொண்டுவந்து கொழுவியிருக்கிறார் அந்த மனிதர். முழுக்க முழுக்க அவரே செய்தது. ஒருத்தரும் கை வைக்காதது. நான் சொன்ன பதில் சரியா பிழையா என்று இதைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்துவிட்டேன். இது சொல்லுதில்லை.

அண்ணை, இந்தப் பக்கத்தின் கீழே கொஞ்சம் இடம் வெறுமையாக விடுங்கோ. வாசிக்கிறவர்களுக்கு.

இப்போது கதிரையில் நீங்கள் இருக்கிறீர்கள். இடப்பக்கம் சபாரத்தினம், வலப்பக்கம் யூலியா. தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு மிடறு குடியுங்கள், அதற்கு நேரம் தருவார்கள். அவராகவே பேசவேண்டும், மறந்துவிடாதீர்கள். ‘நான்’ என்று நான் தொடங்கி வைத்துவிட்டேன்.

“நான்

ஏதும் நல்லதாய்ச் சொல்லுங்கோ.